அப்பத்தா சொன்ன ‘பாஸ்’!

சீட்டாட்டம் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பணம் வைத்து ஆடும் ஆட்டத்துக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடிய ஓர் ஆட்டத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் கையில் நல்ல சீட்டு இருக்கிறது. எதிரே இருப்பவரோ அடித்துப் பிடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போகிறார். அப்போது நாம் என்ன செய்யவேண்டும்? நாமும் சத்தம் போடுவதா? வாயை மூடிக்கொண்டிருப்பதா? பார்ப்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு விடை தெரியாமல் கெட்டவர்கள் சீட்டு ஆடுகிறவர்களில் மட்டுமா இருக்கிறார்கள்?

2024-ஆம் வருஷப் பொங்கலுக்கு என் கணவரின் ஊரான கம்பத்துக்குப் போயிருந்தோம். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை திரும்பி வந்துவிட்டதல்லவா? ஆகவே சென்னையிலிருந்து தேனிவரை சுகமாகத் தூங்கிக்கொண்டே போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழி நெடுகப் பச்சை வயல்கள். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்து வந்து வளர்த்த பச்சை அது. வயலில் ஆங்காங்கே ஒற்றைக் காலில் கொக்குகள் நின்றன. அந்தக் கொக்குகளை மறந்துவிடாதீர்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சேவகனுக்கு முதல் மரியாதை

மாட்டுப் பொங்கல் இரவு. சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாய் விரித்தாயிற்று. என் கணவருடைய அப்பத்தா ஒரு படி புளியங்கொட்டையையும், ஓரம் நைந்த சீட்டுக் கட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நானும் அப்பத்தாவும் ஒரு கட்சி. என் கணவரும் அவர் தம்பியும் எதிர்க் கட்சி.

ஆட்டத்தின் பெயர் ‘இருபத்தெட்டு’. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வீட்டுக்கு வீடு ஆடுகிற ஆட்டம். எங்கள் வீட்டாருக்கு இடுக்கிப் பக்கம் கொஞ்சம் ஏலத் தோட்டம் உண்டு. அந்தப் போக்குவரத்தில் இந்த ஆட்டமும் மலை இறங்கி வந்துவிட்டது போலும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒவ்வொரு ஜாதியிலும் ஏழு முதல் ஆஸ் வரை எட்டுச் சீட்டு. ஆக மொத்தம் 32 சீட்டு. ஜாக்குக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் காலணா மதிப்புக் கிடையாது! சேவகனாகிய ஜாக்குக்குத்தான் முதல் மரியாதை. ஒரு ஜாதிக்கு 7 புள்ளி வீதம் நான்கு ஜாதிக்கும் சேர்த்து 28.

முதலில் நாலு சீட்டுப் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, “எங்கள் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும்” என்று பதினாலிலிருந்து ஏலம் கேட்கவேண்டும். கடைசியில் அதிகம் கேட்டவர், துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நாலு சீட்டு வரும். கேட்ட புள்ளியை எடுத்தால் ஜெயம். ஒன்று குறைந்தாலும் தோல்வி. எங்கள் வீட்டு வழக்கப்படி ஜெயித்தால் 1 கொட்டை, தோற்றால் 2 கொட்டை. இருபதோ அதற்கு மேலோ கேட்டால், ஜெயத்துக்கு 2, தோல்விக்கு 3. எதிர்க் கட்சியார் ‘டபுள்’ சொன்னால் எல்லாம் இரட்டிப்பு.

நான் செய்த இரண்டு தப்பு

என் கொழுந்தனார் இருக்கிறாரே, அவருக்குப் ‘பாஸ்’ என்ற வார்த்தை நாக்கில் வராது. சீட்டை எடுத்துப் பிரிப்பதற்கு முன்னாலேயே, “பதினேழு!” என்பார். யாராவது பதினெட்டு என்றால், “பத்தொன்பது, மதினி! வர்றீங்களா?” என்று தொடையைத் தட்டுவார். பாதி ஆட்டங்களில் அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் ஒதுங்கிவிடுவோம்.

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஆட்டினில் ஜாக், ஒன்பது, ஆஸ் மூன்றும் என் கைக்கு வந்துவிட்டன. சந்தோஷம் தாங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, “இருபது!” என்று கூவிவிட்டேன். கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, “பாஸ்” என்றார். இருபத்திரண்டு புள்ளி எடுத்து ஜெயித்தோம். இரண்டு கொட்டை கிடைத்தது.

நான் பெருமையுடன் அப்பத்தாவைப் பார்த்தேன். அவர்களோ, “ஏன் ஆத்தா, பதினாறுன்னு சும்மா முனகியிருந்தா அவன் பதினெட்டு, இருபதுன்னு தானா வந்திருப்பானே! வந்து விழப்போற கோழியைச் சூன்னு விரட்டிட்டியே” என்றார்கள்.

அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு அடுத்த ஆட்டத்திலேயே நடந்தது. கொழுந்தனாரின் சவடால் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. கையில் ஒற்றை ஜாக்தான். இருந்தும் அவர் பதினெட்டு என்றதும், விட்டேனா பார் என்று பத்தொன்பது கேட்டுவிட்டேன். பதினாலு புள்ளிதான் வந்தது. இரண்டு கொட்டை போயிற்று.

“அவன் சத்தம் போடுறான்னு நீயும் சத்தம் போட்டா, அவன் ஆட்டத்தையில்ல நீ ஆடுறே? உன் ஆட்டத்தை யாரு ஆடுறது?” என்றார்கள் அப்பத்தா. அவர்கள் குரலில் கோபமே இல்லை.

அந்தப் ‘பாஸ்’

அதற்குப் பிறகு வந்தது அந்த ஆட்டம். நான் பதினாறு கேட்டேன். கொழுந்தனார் பதினெட்டு என்றார். நான் பத்தொன்பது என்று சற்றுத் தயங்கிச் சொன்னேன். “இருபது!” என்று பாயைக் குத்தினார். எல்லோரும் அப்பத்தாவைப் பார்த்தோம்.

அப்பத்தா சீட்டை ஒரு தடவை பார்த்தார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்கள். பிறகு, “பாஸ்” என்றார்கள்.

கொழுந்தனார் குதூகலமாகத் துருப்பைக் கவிழ்த்து வைத்தார். மீதிச் சீட்டும் வந்தது. அப்போதுதான் அப்பத்தா, “டபுளு” என்றார்கள், தண்ணீர் கொண்டு வா என்று சொல்கிற மாதிரி.

முதல் இறக்கம் அப்பத்தாவுடையது. ஸ்பேடு ஜாக்கை இறக்கினார்கள். நான் பத்தைப் போட்டேன். மற்ற இருவரும் மதிப்பில்லாத ஸ்பேடுகளைப் போட்டார்கள். நாலு புள்ளி! அடுத்து கிளாவர் ஜாக். கொழுந்தனாரிடமிருந்த ஒரே கிளாவர் ஆஸ்தான். வேறு வழியில்லாமல் அது விழுந்தது. இன்னும் நாலு புள்ளி. மூன்றாவதாக ஸ்பேடு ஒன்பது. ஜாக் போனபின் அதுதானே அந்த ஜாதிக்குப் பெரிய சீட்டு? கொழுந்தனாரிடம் இன்னும் ஒரு ஸ்பேடு பாக்கி இருந்ததால் துருப்பால் வெட்டவும் முடியவில்லை. மூன்று பிடியில் பத்துப் புள்ளி. ஆட்டம் முடிந்தது. டபுள் அல்லவா? ஆறு கொட்டை எங்கள் பக்கம் வந்து குவிந்தது.

“இவ்வளவு வைத்துக்கொண்டா அப்பத்தா பாஸ் சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் கேட்டிருந்தா இருபத்தொண்ணு எடுக்கணும். அவன் கேட்டதால எனக்கு ஒம்பதே போதும்” என்றார்கள்.

எப்பேர்ப்பட்ட கணக்கு, பாருங்கள்! பதினாலு கேட்டவரைத் தோற்கடிக்க நமக்கு 15 புள்ளி வேண்டும். இருபது கேட்டவரைத் தோற்கடிக்க 9 போதும். இருபத்துநாலு கேட்டவருக்கு 5 புள்ளியே எமன். எதிராளி ஏற ஏற, நாம் தாண்டவேண்டிய மதில் இறங்கிக்கொண்டே வருகிறது! நம் கையில் பலம் இருக்கும்போது, அவருடைய அவசரம் நமக்குச் செய்யும் உபகாரம் இது.

சத்தமும் சரக்கும்

இதே சூட்சுமம் மற்ற ஆட்டங்களிலும் உண்டு. தீபாவளி சமயத்தில் போலீஸ்காரர்கள் தேடிப்பிடிக்கிற ‘மூணு சீட்டு’ இருக்கிறதே, அதில் ஒருவர் கைக்கு வரக்கூடிய மூன்று சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 22,100. அவற்றில் 16,440 சேர்க்கைகளில் ஒரு ஜோடிகூடக் கிடையாது. அதாவது நாலில் மூன்று தடவை கையில் ஒன்றுமே இல்லை! மூன்றும் ஒரே எண்ணாக அமைவது 52 வகைதான். 425 தடவையில் ஒரு தடவை. ஆகவே, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒருவர் ஏற்றிக்கொண்டே போனால் அவரிடம் சரக்கு இருப்பதைக் காட்டிலும் சத்தம் இருப்பதற்குத்தான் இடம் அதிகம். வெறுங்கை முழம் போடுமா? போடாது, ஆனால் போடுவதுபோல் காட்டும்.

மேல்நாட்டுப் போக்கர் ஆட்டமும் இதற்கு உறவுதான். கணித மேதை ஜான் வான் நியூமான், பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். பொய்யாக ஏற்றிக் காட்டுவதற்கு இரண்டு நோக்கம் உண்டாம். இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டுவது ஒன்று. உண்மையிலேயே பலம் வரும்போது, “இதுவும் பொய்தான்” என்று பிறரை நினைக்கவைப்பது இன்னொன்று. ஆகவே சத்தக்காரர் எப்போதுமே வெறுங்கை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் கையில் பலம் இருந்தால்தான் நிற்கவேண்டும். வெறும் ரோஷத்தை நம்பி நிற்கக் கூடாது.

மிஞ்சிப் பதுங்கினால்?

அப்படியானால் எப்போதும் பதுங்கியே இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் மூன்றாவது தப்பு காத்திருக்கிறது.

இன்று உலகெங்கும் ஆடும் போக்கரில் ஒருவருக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. கையில் இரண்டு ஆஸ் வருவதுதான் ஆரம்பத்தில் கிடைக்கும் உச்சபட்ச பலம். 221 தடவையில் ஒரு தடவைதான் வரும். எதிரே ஒருவர் மட்டும் இருந்து கடைசிவரை போனால், இந்த ஜோடி நூற்றுக்குச் சுமார் 85 தடவை ஜெயிக்கும். எதிரே நாலு பேர் இருந்தால்? சுமார் 56 தடவைதான்! சீட்டு அதேதான், கூட்டம் கூடக் கூட அதன் பலம் குறைந்துவிடுகிறது. ஆகவே முரட்டு எதிராளி ஒருவர் மட்டும் இருந்தால் அவரைப் பேசவிடலாம். கூட்டமாக இருந்தால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஏற்றிச் சிலரைக் கழிக்கவேண்டும்.

இன்னொன்று. எதிராளிக்கு ஒரே ஜாதியில் நாலு சீட்டு சேர்ந்து, ஐந்தாவதற்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு சீட்டுத் திறக்கவேண்டியிருந்தால் நூற்றுக்கு 35 தடவை அவருக்கு அது வந்துவிடும். நாம் பதுங்கிக்கொண்டு அவருக்கு அந்தச் சீட்டுகளை இனாமாகக் காட்டினால், நம் பலத்தை நாமே பறிகொடுத்தவர்கள் ஆவோம்.

‘காலமறிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் கொக்கை உவமை காட்டுகிறார். அதைச் சொல்லும்போது, கொக்கு பொறுமையாக நிற்பதை மட்டும்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சமயம் வாய்த்ததும் அது சடக்கென்று குத்துகிறதே, அதுவும் அதே குறளில் இருக்கிறது! அப்பத்தா ‘பாஸ்’ சொன்னது கொக்கு நின்ற நிலை. ‘டபுளு’ சொன்னது கொக்கின் குத்து. ஒன்றில்லாமல் மற்றொன்று பிரயோசனமில்லை.

ஏலத்துக்கு ஏலம்

கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்கச் சீட்டுக் கட்டே வேண்டாம். ஏலக்காயை ஏலம் விடும் போடிநாயக்கனூர் பக்கத்தில்தானே இருக்கிறது? போடியிலும், மலைக்கு மேலே புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. முன்பு வாயால் கூவிக் கேட்டார்கள். இப்போது வியாபாரிகள் கணிப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். ஏறுகிற வேகத்தில் நிதானம் இழந்து, வேண்டியதற்கு மேல் கேட்டு மாட்டிக்கொள்வது எந்த ஏலத்திலும் உண்டு.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து தோட்டங்கள் பாழாயின. அடுத்த ஆண்டு மழையும் சரியில்லை. காய் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று! காய் வைத்திருந்தவர்கள் கையில் இரண்டு ஆஸ் இருந்த மாதிரி. “இன்னும் ஏறும், இன்னும் ஏறும்” என்று சரக்கைக் கட்டிப் போட்டவர்களும் உண்டு. 2022-ல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மிஞ்சிப் பதுங்கியதன் பலன் அது.

எங்கள் அப்பத்தா 2019-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? இருந்த மூட்டைகளை மூன்று பங்காக்கினார்கள். விலை ஏற ஏற ஒவ்வொரு பங்காக இறக்கச் சொன்னார்கள். உச்ச விலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் இன்று கூடத்துக்குத் தளம் போட்டிருக்கிறது.

எழுந்திருக்கத் தெரிந்தவன்

இதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் விளையாட்டுச் சமாசாரம். ஆனால் அன்றிரவு அப்பத்தா அந்தப் பாயை விரித்ததற்கு வேறு காரணம் இருந்தது.

எல்லோரும் படுக்கப் போனபின், அடுக்களையில் அவர்கள் மெல்லச் சொன்னார்கள். கொழுந்தனார் சில மாதங்களாகச் செல்போனில் பணம் கட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தாராம். முதலில் ஆயிரம் ரூபாய் ஜெயித்தாராம். அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர், ஒரு வருஷச் சேமிப்பை விட்டுவிட்டு வெளியே வந்திருந்தார். சூதில் கிடைக்கும் வெற்றியை மீனுக்கு வைத்த தூண்டிலோடு வள்ளுவர் ஒப்பிட்டது எவ்வளவு பொருத்தம்! வைதால் ஓடிவிடுவான், அழுதால் மறைப்பான், ஆகவே ஆட விட்டே காட்டவேண்டும் என்று அப்பத்தா தீர்மானித்திருந்தார்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் நெடுங்காலம் வாதாடியிருக்கிறது. 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்தது, மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டத்தைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டியது. தமிழ்நாடு 2022-ல் இணையச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதுவாயினும் கூடாது என்று தடை விதித்தது.

ஆனால் சட்டம் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே, அப்பத்தா தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் இரவும் பாய் விரித்தது. கொழுந்தனார் மறுபடி இருபது கேட்டார், மறுபடி தோற்றார். கொட்டைகள் தீர்ந்ததும், “இன்னும் ஒரு கை, அப்பத்தா! விட்டதைப் பிடிச்சிடுவேன்” என்றார்.

அப்பத்தா சீட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

“ராசா, எனக்குத் தூக்கம் வருது. உன் அண்ணனுக்கும் வருது. அதனால நீ கொட்டையோட தப்பிச்சே. அந்தப் போனுக்கு எப்பவாச்சும் தூக்கம் வருமா? ஆட்டத்துக்கு ஆட்டம் கமிஷனை எடுத்து வச்சுக்கிட்டு, ‘வா, இன்னொரு கை’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். நீ எத்தனை நல்ல சீட்டு வச்சிருந்தாலும் தூங்காதவன்கிட்ட ஆடி ஜெயிக்க முடியாதுய்யா. அங்கே உன் கையில இருக்கிற பெரிய சீட்டு ஒண்ணே ஒண்ணுதான். எந்திரிச்சு வந்துடறது.”

கூடத்தில் சத்தமே இல்லை. கொழுந்தனார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்துச் செல்போனை எடுத்து, எதையோ அமுக்கி அழித்துவிட்டு, அப்பத்தாவின் காலடியில் வைத்தார்.

“பாஸ், அப்பத்தா” என்றார்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு வேண்டுமல்லவா?